வேர்டு மேக்ரோவிலிருந்து மின்னஞ்சல்: குறுக்கே வரும் பெட்டிகளை அறிகுறி பார்த்து நீக்குவது

வேர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால், ஆவணம் இணைக்கப்பட்ட மின்னஞ்சல் தயாராக வந்து நிற்க வேண்டும். நடுவில் எந்தப் பெட்டியும் எழுந்து "அனுமதிக்கலாமா?" என்று கேட்கக் கூடாது. மேக்ரோ (வேர்டுக்குள் எழுதும் சிறு நிரல்) கொண்டு செய்யும், கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலை பலரை நாள்கணக்கில் இழுத்தடிப்பதற்குக் காரணம், அந்தப் பெட்டிகள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதுதான். வேர்டு கேட்பது ஒன்று, அவுட்லுக் கேட்பது ஒன்று, விண்டோஸ் கேட்பது இன்னொன்று. வேர்டின் எச்சரிக்கைப் பெட்டிகளைக் கட்டுப்படுத்தும் டிஸ்பிளேஅலர்ட்ஸை அணைத்துவிட்டு, அவுட்லுக்கின் பெட்டி மட்டும் ஏன் போகவில்லை என்று தேடினால் விடை கிடைக்காது. அந்தக் கட்டளைக்கு அவுட்லுக்கின் மேல் எந்த அதிகாரமும் இல்லை.

எனவே முதலில், பெட்டியின் தலைப்பில் எந்த நிரலின் பெயர் இருக்கிறது, வாசகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிறகு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸில் ஓடும் கிளாசிக் (பழைய வகை) அவுட்லுக்குக்குப் பொருந்தும். கட்டளைப் பெயர்கள் ஒலிப்பு முறையில் தமிழில் உள்ளன. வேர்டின் மேக்ரோ எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "ஒரு புரோகிராம் உங்கள் சார்பில் மின்னஞ்சல் அனுப்ப முயல்கிறது" என்ற பெட்டி

இது அவுட்லுக்கின் ஆப்ஜெக்ட் மாடல் கார்டு என்ற காவல். 1999 மார்ச்சில் பரவிய மெலிசா வைரஸ் ஒரு வேர்டு மேக்ரோதான். அவுட்லுக்கைத் திறந்து, முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. அடுத்த ஆண்டு மே மாதம், அதே போல் மின்னஞ்சலில் பரவிய 'ஐ லவ் யூ' வந்தது. அதன் பிறகு 2000ஆம் ஆண்டிலேயே இந்தக் காவலை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. உங்கள் மேக்ரோ செய்வதும் மெலிசா செய்ததும் அவுட்லுக்கின் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அனுமதி பொத்தான் சில விநாடிகள் மங்கலாக இருந்துவிட்டுத்தான் உயிர் பெறும். கண்மூடித்தனமாக அழுத்திவிடக் கூடாது என்பதற்காக வைத்த தாமதம் அது. மறுப்பை அழுத்தினால் மேக்ரோவில் பிழை எண் 287 வரும்.

நீக்கும் வழிகளில் முதலாவது, அனுப்பாமல் இருப்பது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் பெரும்பாலானோருக்கு இதுவே போதும். காவல் விழித்துக்கொள்வது சென்ட் கட்டளைக்கும், முகவரியையும் உள்ளடக்கத்தையும் வாசிக்கும் கட்டளைகளுக்கும்தான். மின்னஞ்சலை உருவாக்குவதற்கும், டூ, சிசி, சப்ஜெக்ட், பாடி ஆகியவற்றில் மதிப்பை எழுதுவதற்கும், டிஸ்பிளே கொடுத்துத் திரையில் காட்டுவதற்கும், சேவ் கொடுத்து டிராஃப்ட்ஸில் போடுவதற்கும் அது ஒன்றும் கேட்காது. மேக்ரோ எழுதட்டும், பயனர் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பு பொத்தானை அழுத்தட்டும். மனிதர் அழுத்தும் பொத்தானைக் காவல் தடுப்பதில்லை. தவறான ஆளுக்குத் தவறான ஆவணம் போகாமல் இருப்பதும் இதில் கிடைக்கும் பெரிய லாபம்.

அந்த மேக்ரோவின் எலும்புக்கூடு இவ்வளவுதான்:

1. ஆவணத்தைச் சேமி.
2. கிரியேட்ஆப்ஜெக்ட் கொண்டு "அவுட்லுக் புள்ளி அப்ளிகேஷன்" என்ற பொருளைப் பெறு.
3. அதன் கிரியேட்ஐட்டம் கட்டளைக்கு 0 கொடுத்து ஒரு மின்னஞ்சலை உருவாக்கு.
4. டூ, சப்ஜெக்ட், பாடி மூன்றிலும் மதிப்பை எழுது.
5. அட்டாச்மென்ட்ஸ் ஆட் கட்டளைக்குக் கோப்பின் முழுப் பாதையைக் கொடு.
6. டிஸ்பிளே. கடைசியில் இரு பொருள்களையும் நத்திங் ஆக்கி விடுவி.

ஐம்பது மின்னஞ்சல் உருவாக்க வேண்டியிருந்தால் டிஸ்பிளேக்குப் பதில் சேவ் போடுங்கள். ஐம்பது ஜன்னல் திறந்தால் திரையும் திணறும், பயனரும் திணறுவார்.

தானாகவே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டாவது வழி, அவுட்லுக்கை நம்ப வைப்பது. 2007 பதிப்பு முதல், கணினியில் வைரஸ் தடுப்பு ஓடுகிறது, புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்று விண்டோஸ் சொன்னால் அவுட்லுக் இந்தப் பெட்டியைக் காட்டாது. ஆகவே ஒரு கணினியில் பெட்டி வந்து பக்கத்துக் கணினியில் வராவிட்டால், மேக்ரோவைத் தோண்டுவதற்கு முன் வைரஸ் தடுப்பைப் பாருங்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், புரோகிராமாட்டிக் ஆக்சஸ் என்று போனால், கீழே வைரஸ் தடுப்பின் நிலை 'வேலிட்' அல்லது 'இன்வேலிட்' என்று எழுதியிருக்கும். இன்வேலிட் என்றிருந்தால் காரணம் அதுதான். விண்டோஸ் சர்வரில் இந்த நிலையைச் சொல்லும் செக்யூரிட்டி சென்டர் சேவை இல்லாததால், எவ்வளவு நல்ல வைரஸ் தடுப்பு போட்டிருந்தாலும் அங்கே இன்வேலிட்தான் வரும்.

அதே பக்கத்தில் மூன்று தேர்வுகள் உண்டு: வைரஸ் தடுப்பு இல்லாதபோது மட்டும் எச்சரி, எப்போதும் எச்சரி, எப்போதும் எச்சரிக்காதே. மூன்றாவது பெட்டியை நிரந்தரமாக நிறுத்தும். ஆனால் அது உங்கள் மேக்ரோவுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. அந்தக் கணினியில் ஓடும் எல்லா நிரலுக்கும் திறந்துவிடுகிறது. தனியாக ஒதுக்கப்பட்ட ஒரு சர்வரில் அதைச் செய்யலாம். தினமும் இணையத்தில் உலாவும் கணினியில் செய்யாதீர்கள்.

நிறுவனக் கணினி என்றால் நிர்வாகி குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்கும் மையமாக விதிக்கும் அமைப்பு) வழியாக அவுட்லுக்கின் பாதுகாப்பு நிலையை அமைத்து, நிரல்வழி அனுப்புதலுக்குத் தானாக ஒப்புதல் தரலாம். பாலிசி அமைந்த கணினியில் நீங்கள் டிரஸ்ட் சென்டரில் எதை மாற்றினாலும் பலிக்காது.

செய்யக் கூடாதவை இரண்டு. சென்ட்கீஸ் (விசை அழுத்தங்களைத் தானாக அனுப்பும் கட்டளை) வைத்து அந்தப் பெட்டியில் பொத்தானை அழுத்தப் பார்க்காதீர்கள். பெட்டி திறந்திருக்கும்போது உங்கள் மேக்ரோ அடுத்த வரிக்கே வராது. முன்கூட்டி அனுப்பிய விசைகள் வேறு ஜன்னலில் போய் விழும். தானாக 'ஆம்' அழுத்தும் சிறு நிரல்களும் வேண்டாம். கேட்பது உங்கள் மேக்ரோவா வைரஸா என்று அவற்றுக்குத் தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வேர்டு மேக்ரோவுக்கு டிஜிட்டல் கையொப்பம் இட்டால் இந்தப் பெட்டி போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. அந்தக் கையொப்பம் வேர்டின் மேக்ரோ பாதுகாப்புக்கு உரியது.

அறிகுறி: புரோகிராமாட்டிக் ஆக்சஸ் பக்கத்தில் எல்லாம் மங்கலாக இருக்கிறது

நிர்வாகி உரிமையோடு திறந்தால்தான் மாற்ற முடியும். அவுட்லுக்கை முழுதாக மூடுங்கள். ஐகானை வலது சொடுக்கி 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். மாற்றிய உடனே அவுட்லுக்கை மூடிவிட்டுச் சாதாரணமாகத் திறங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் அடுத்த அறிகுறியில் வந்து நிற்பீர்கள்.

அறிகுறி: பிழை 429, ஆக்டிவ்எக்ஸ் பொருளை உருவாக்க முடியவில்லை

காரணங்களை இந்த வரிசையில் சோதியுங்கள்.

வேர்டு சாதாரண உரிமையிலும் அவுட்லுக் நிர்வாகி உரிமையிலும் (அல்லது நேர்மாறாக) ஓடினால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது. இரண்டையும் ஒரே உரிமையில் திறங்கள்.

அடுத்தது, புதிய அவுட்லுக். வலது மேல் மூலையில் 'நியூ அவுட்லுக்' என்ற மாற்றி இருந்து அது இயக்கத்தில் இருந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வேறொரு நிரல். பெயர் ஒன்றாக இருந்தாலும் மற்ற நிரல்கள் பேசுவதற்கான காம் இடைமுகம் அதற்குக் கிடையாது. மேக்ரோவால் அதனோடு பேசவே முடியாது. எவ்வளவு திருத்தியும் பயனில்லை. மாற்றியை அணைத்து கிளாசிக்குக்குத் திரும்ப வேண்டும், அல்லது அவுட்லுக் இல்லாத வழிக்குப் போக வேண்டும்.

மேக்ரோவில் கெட்ஆப்ஜெக்ட் (ஏற்கெனவே ஓடும் நிரலைப் பிடிக்கும் கட்டளை) மட்டும் இருந்து அவுட்லுக் மூடியிருந்தாலும் இதே 429தான் வரும். கிரியேட்ஆப்ஜெக்ட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அவுட்லுக் ஒரு நேரத்தில் ஒரு பிரதியாகத்தான் ஓடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கிரியேட்ஆப்ஜெக்ட் அதையே எடுத்துக் கொடுக்கும்.

அறிகுறி: மேக்ரோ தொடங்கும் முன்பே கம்பைல் பிழை, "யூசர் டிஃபைன்டு டைப்" இல்லை என்கிறது

அவுட்லுக் ரெஃபரன்ஸ் (அவுட்லுக்கின் பெயர்களை எடிட்டருக்கு அறிமுகப்படுத்தும் இணைப்பு) இணைக்கப்படவில்லை, அல்லது புதிய பதிப்பில் இணைத்த கோப்பு பழைய பதிப்புள்ள கணினிக்குப் போய் 'மிஸ்ஸிங்' ஆகிவிட்டது. பலருக்குப் பகிரும் மேக்ரோவில் ரெஃபரன்ஸே வைக்காதீர்கள். மாறிகளை 'ஆப்ஜெக்ட்' என்று அறிவித்து, மாறிலிகளின் பெயருக்குப் பதில் எண்ணைப் போடுங்கள்: மின்னஞ்சல் ஐட்டம் 0, எளிய உரை வடிவம் 1, எச்டிஎம்எல் வடிவம் 2, உயர் முக்கியத்துவம் 2. மாறிலிப் பெயரை அப்படியே விட்டால், ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் (அறிவிக்காத பெயரைப் பிழையாகக் காட்டும் வரி) இல்லாத மாட்யூலில் அது சத்தமில்லாமல் வெற்று மதிப்பாகிவிடும். மின்னஞ்சல் ஐட்டத்தின் எண் 0 என்பதால் அந்த இடம் மட்டும் தற்செயலாக வேலை செய்யும், மற்ற இடங்களில் காரணம் தெரியாமல் தவறும். ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் கட்டாயம் வையுங்கள்.

அறிகுறி: "முகவரித் தகவலை அணுக ஒரு புரோகிராம் முயல்கிறது", எத்தனை நிமிடம் அனுமதி என்றும் கேட்கிறது

சென்ட் எங்கும் இல்லாமலே இது வந்தால், மேக்ரோவில் எங்கோ வாசித்தல் நடக்கிறது. ரெசிபியன்ட்ஸ் தொகுப்பைத் தொடுவது, எழுதிய டூவையே திரும்ப ஒரு மாறியில் எடுப்பது, முகவரிப் புத்தகத்தில் தேடுவது ஆகியவையே வழக்கமான காரணங்கள். ரெசிபியன்ட்ஸ் ஆட் கட்டளைக்குப் பதிலாக டூவில் நேராக எழுதுங்கள். பல முகவரி என்றால் இடையில் அரைப்புள்ளி போடுங்கள், காற்புள்ளி போடாதீர்கள். பெயரை மட்டும் எழுதினால் ஒரே பெயரில் இருவர் இருக்கும்போது எந்த ஆள் என்று கேட்கும் பெட்டி வரும். முழு முகவரியை எழுதினால் அதுவும் வராது.

அறிகுறி: மின்னஞ்சல் திறக்கிறது, ஆனால் வழக்கமான கையொப்பம் காணவில்லை

அவுட்லுக் கையொப்பத்தைப் போடுவது ஜன்னல் திறக்கும் நேரத்தில். நீங்கள் அதற்குப் பிறகு எச்டிஎம்எல்பாடி (மின்னஞ்சலின் எச்டிஎம்எல் உள்ளடக்கம்) முழுவதையும் உங்கள் உரையால் மாற்றி எழுதினால், வந்த கையொப்பம் அழிந்துவிடும். எனவே முதலில் டிஸ்பிளே, பிறகு உரையைச் செருகுதல் என்ற வரிசைதான் சரி.

"என் உரை கூட்டல் பழைய எச்டிஎம்எல்பாடி" என்று ஒட்டுவது பரவலான பழக்கம். வேலை செய்யும், ஆனால் உங்கள் உரை எச்டிஎம்எல் ஆவணத்துக்கு வெளியே, அதன் தலைக்கு மேலே போய் உட்கார்கிறது. அவுட்லுக் அதைத் தானே ஒட்டுப்போட்டுச் சரிசெய்துகொள்ளும். அப்போது எழுத்துரு மாறும், வரி இடைவெளி மாறும். ஒழுங்கான வழி பாடி குறிச்சொல்லுக்கு உள்ளே செருகுவது:

1. டிஸ்பிளே கொடுத்தபின் எச்டிஎம்எல்பாடியை ஒரு மாறியில் எடுங்கள்.
2. உரைக்குள் தேடும் இன்ஸ்ட்ரிங் கொண்டு, தொடக்க இடம் 1 என்றும் ஒப்பீட்டு முறை 1 என்றும் கொடுத்து, திறப்புக் குறியோடு கூடிய பாடி என்ற சொல்லைத் தேடுங்கள். ஒப்பீட்டு முறை 1 என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராது.
3. கிடைத்த இடத்திலிருந்து அடுத்த மூடும் குறியைத் தேடுங்கள். பாடி குறிச்சொல்லுக்குள் மொழி, இணைப்பு நிறம் என்று பல பண்புகள் இருக்கும். அதனால் குறிச்சொல் எங்கே முடிகிறது என்று தேடித்தான் அறிய வேண்டும், எழுத்தை எண்ணிப் போகக் கூடாது.
4. அந்த இடம் வரை இடப்பக்கம், அடுத்து உங்கள் பத்தி, அடுத்து மீதி என்று சேர்த்துத் திரும்ப எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எச்டிஎம்எல்பாடியை எடுப்பது வாசித்தல், ஆகவே காவலுக்கு உட்பட்டது. வைரஸ் தடுப்பு 'வேலிட்' ஆக இருக்கும் கணினியில் சிக்கல் இல்லை. இல்லாத கணினியில் கையொப்பத்துக்காகவே பெட்டி எழும். மின்னஞ்சல் ஜன்னலின் உரையைத் தரும் வேர்டுஎடிட்டர் வழியாகப் போனாலும் அதே கதைதான். அங்கே கையொப்ப உரையை நீங்களே மேக்ரோவில் கட்டி, முழு எச்டிஎம்எல்லையும் ஒரே தடவையில் எழுதிவிடுவதே பெட்டியில்லாத வழி.

அறிகுறி: தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் தமிழ் எழுத்துக்கு பதில் கேள்விக்குறிகள்

மேக்ரோ எடிட்டர் யூனிகோடில் இயங்குவதில்லை. விண்டோஸின் பழைய கோட்பேஜ் (மொழிக்கு ஓர் எழுத்து அட்டவணை) முறையில் எழுத்தைச் சேமிக்கிறது. அந்த முறையில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. எடிட்டரில் ஒட்டிய உடனே எழுத்து தொலைந்துவிடுகிறது, பிறகு எதைச் செய்தும் திரும்பாது. அவுட்லுக்கின் மேல் இதில் தவறில்லை.

எளிய தீர்வு, தமிழ் உரையை மேக்ரோவிலேயே வைக்காமல் ஆவணத்தில் வைப்பது. புக்மார்க் ஒன்றைப் போட்டு அதன் ரேஞ்ச் டெக்ஸ்டை எடுத்து சப்ஜெக்டில் கொடுத்தால் எழுத்து சிதையாமல் போகும். மாறிகள் யூனிகோடைத் தாங்கும். எடிட்டரின் திரைதான் தாங்காது. டிபக் செய்யும்போது இம்மீடியட் ஜன்னலில் கேள்விக்குறி தெரிந்தால் பதறாதீர்கள், மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். சிறு சொல் என்றால், எண்ணை எழுத்தாக்கும் சிஎச்ஆர்டபிள்யூ கொண்டு எண்ணாக எழுதலாம்: 'வ' என்ற எழுத்து 2997. எச்டிஎம்எல் உள்ளடக்கத்தில் அதே எண்ணை எண்முகக் குறியீடாகவும் எழுதலாம்.

மெயில்டூ இணைப்பு (சொடுக்கினால் மின்னஞ்சல் ஜன்னலைத் திறக்கும் முகவரி) வழியாகச் செய்கிறவர்களுக்கு: தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், விழுக்காடு முறையில் எழுதினால் 9 எழுத்து. இரண்டு பத்தியிலேயே இணைப்பு நீண்டு துண்டிக்கப்படும். மெயில்டூவில் கோப்பை இணைக்கவும் முடியாது.

அறிகுறி: இணைப்பில் பழைய பிரதி போகிறது, அல்லது கோப்பு கிடைக்கவில்லை என்கிறது

அவுட்லுக் எடுப்பது வட்டில் இருப்பதை. திரையில் இருப்பதை அல்ல. சேமிக்காத மாற்றம் எதுவும் போகாது. ஒருமுறைகூடச் சேமிக்காத ஆவணத்துக்குப் பாதையே இல்லை, அதனால் பாத் பண்பு காலியா என்று முதலில் சோதியுங்கள். ஆவணம் ஒன்டிரைவில் இருந்தால் ஃபுல்நேம் இணைய முகவரியாக வரும். அட்டாச்மென்ட்ஸ் ஆட் அங்கே தவறும்.

மூன்றுக்கும் ஒரே மருந்து: எக்ஸ்போர்ட்ஆஸ்ஃபிக்ஸ்டுஃபார்மட் கட்டளையில் வடிவ எண் 17 கொடுத்து, டெம்ப் கோப்புறையில் பிடிஎஃப் ஆக எழுதி, அதை இணையுங்கள். ஏற்றுமதி ஆனபின் திறக்கும் தேர்வு ஃபால்ஸாக இருக்கட்டும், ட்ரூ என்றிருந்தால் பிடிஎஃப் ஜன்னல் குறுக்கே வரும். இணைத்து முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடலாம், அவுட்லுக் தன் பிரதியை எடுத்திருக்கும். இதற்காக சேவ்ஆஸ் பயன்படுத்தாதீர்கள். திறந்திருக்கும் ஆவணத்தின் பெயரே மாறி, பயனர் தன்னையறியாமல் டெம்ப் கோப்பில் வேலை செய்துகொண்டிருப்பார்.

அறிகுறி: சென்ட் பிழையில்லாமல் முடிந்தது, மின்னஞ்சல் அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது

மேக்ரோதான் அவுட்லுக்கைத் திறந்தது. மேக்ரோ முடிந்து பொருளை விடுவித்ததும் அவுட்லுக் மூடிக்கொண்டது. சென்ட் என்பது அவுட்பாக்ஸில் போடுவதுதான், சர்வருக்குப் போவது அதன் பிறகு. அவுட்லுக்கை முன்பே திறந்து வைப்பது எல்லாவற்றிலும் நல்லது. முடியாதபோது, செஷனின் சென்ட்அண்ட்ரிசீவ் கட்டளையை ஃபால்ஸோடு கொடுத்து, எண் 4 கொண்ட இயல்புக் கோப்புறையில், அதாவது அவுட்பாக்ஸில், ஐட்டங்களின் எண்ணிக்கை 0 ஆகும்வரை, மற்ற வேலைகளுக்கு வழிவிடும் டூஈவென்ட்ஸோடு காத்திருங்கள். 60 விநாடி போல ஒரு எல்லையும் வையுங்கள். இணையம் இல்லாத நாளில் வேர்டு முடிவில்லாமல் சுழலக் கூடாது.

அப்படித் திறக்கும்போது எந்த புரொஃபைல் (அவுட்லுக்கின் கணக்கு அமைப்பு) என்று கேட்கும் பெட்டி வந்தால், கன்ட்ரோல் பேனலில் மெயில், ஷோ புரொஃபைல்ஸ் போய் 'எப்போதும் இந்த புரொஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: வேர்டு உறைந்து நிற்கிறது, மற்றொரு நிரலின் ஓஎல்இ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் முறை) செயலுக்குக் காத்திருப்பதாகச் சொல்கிறது

பெரும்பாலும் அவுட்லுக்கின் பெட்டி ஒன்று வேர்டு ஜன்னலுக்குப் பின்னால் பதிலுக்குக் காத்திருக்கிறது. ஆல்ட் டேப் போட்டுத் தேடுங்கள். டிஸ்பிளேக்கு ட்ரூ கொடுத்திருந்தாலும் மின்னஞ்சல் ஜன்னலை மூடும்வரை மேக்ரோ அங்கேயே நிற்கும், அதை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: மெயில் மெர்ஜ் (பட்டியலிலிருந்து பலருக்கும் தனித்தனிக் கடிதம் உருவாக்கும்) ஆவணத்தைத் திறந்ததும் எஸ்க்யூஎல் கட்டளை ஓடும் என்று வேர்டு கேட்கிறது

இது வேர்டின் கேள்வி. டிஸ்பிளேஅலர்ட்ஸை 0 ஆக்கித் திறந்தால் பெட்டி வராது, ஆனால் தரவு மூலமும் இணையாமல் போகும். ஆகவே திறந்தபின் ஓபன்டேட்டாசோர்ஸ் கொடுத்து மேக்ரோவே இணைக்க வேண்டும். டிஸ்பிளேஅலர்ட்ஸைத் திரும்ப -1 ஆக்குவது உங்கள் பொறுப்பு. மேக்ரோ முடிந்தால் வேர்டு தானாக மாற்றிக்கொள்ளாது; நடுவில் பிழை வந்து நின்றுவிட்டால், பயனருக்கு வர வேண்டிய எச்சரிக்கைகளும் வேர்டை மூடும்வரை வராமல் போகும். பிழைக் கையாளும் பகுதியிலும் அந்த வரியை வையுங்கள்.

அறிகுறி: மேக்ரோ ஓடவே இல்லை, மேலே சிவப்புப் பட்டை

இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்பு. 2022 முதல் இத்தகைய கோப்புகளின் மேக்ரோவை ஆஃபிஸ் இயல்பாகவே தடுக்கிறது. கோப்பை எழுதியவர் யார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அதன் பிராப்பர்ட்டிஸில் 'அன்பிளாக்' தேர்ந்தெடுங்கள். பலர் பயன்படுத்துவதென்றால் டெம்ப்ளேட்டாக நம்பகக் கோப்புறையில் வைப்பது சரி.

அறிகுறி: அவுட்லுக்கே இல்லை, அல்லது புதிய அவுட்லுக் மட்டும்தான்

சிடிஓ மெசேஜ் என்ற விண்டோஸ் பொருள் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும்) சர்வரோடு நேராகப் பேசும், எந்தப் பெட்டியும் வராது. போர்ட் 465இல் எஸ்எஸ்எல் வேலை செய்யும். 587இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பு தொடங்கியபின் குறியாக்கத்துக்கு மாறும் முறை) கேட்கும் சர்வரோடு ஒத்துப்போகாது. ஓஆத் (கடவுச்சொல்லுக்குப் பதில் அனுமதிச் சீட்டால் நுழையும் முறை) தெரியாததால், அதை மட்டும் ஏற்கும் சேவைகளில் நுழைய முடியாது. தமிழ் அனுப்ப பாடிபார்ட்டின் சார்செட்டை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். அனுப்பியது சென்ட் ஐட்டம்ஸில் பதிவாகாது, அதனால் உங்கள் முகவரியையும் பிசிசியில் சேருங்கள். கடவுச்சொல்லை மேக்ரோவுக்குள் எழுதாதீர்கள்: மாட்யூலுக்குப் பூட்டுப் போட்டாலும் அதைத் திறப்பது கடினமல்ல, கோப்பு கைமாறும் இடமெல்லாம் கடவுச்சொல்லும் போகும். ஓடும்போது ஒருமுறை கேட்டு வாங்குங்கள், அல்லது உள் வலையமைப்பில் கடவுச்சொல் கேட்காமல் மின்னஞ்சலை வாங்கி மேலே அனுப்பும் ரிலே சர்வர் இருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள்.